கரி பூசித் திறந்த கதவுகள்: நடிகர் பெர்ட் வில்லியம்ஸ், 1893–1922

எதற்காக இந்த ஆய்வு

ஒருவன் நம் முகத்தில் கரியைப் பூசிவிட்டான் என்றால், மானத்தை வாங்கிவிட்டான் என்று பொருள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மேடையில் கரி பூசுவது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. பாட்டில் தக்கையை எரித்துக் கரியாக்கி, குழைத்து முகம் முழுக்கப் பூசி, உதட்டைச் சுற்றிப் பெரிதாகத் தீட்டிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் முட்டாள்களாகவும் ஆடிக்காட்டுவார்கள். வெள்ளையர்கள் தொடங்கிவைத்த வேடம் அது. கறுப்பினக் கலைஞர்களுக்கு மேடை கிடைக்க ஆரம்பித்தபோது அவர்களில் பலரும் அதே கரியைப் பூசிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது.

அப்படி ஏறியவர்களில் மிகப் பெரியவர் பெர்ட் வில்லியம்ஸ். பாடகர், நகைச்சுவை நடிகர், இசைத்தட்டு நட்சத்திரம், மௌனப்பட நடிகர். அவருடைய முப்பது ஆண்டு வாழ்க்கையை ஒரு கேள்வியோடு தொடர்ந்து போய்ப் பார்க்கிறேன். வேலை கிடைப்பதற்காக ஒரு கலைஞர் முதல் நாள் ஒத்துக்கொள்கிற நிபந்தனை, அவர் எவ்வளவு பெரிய ஆளான பிறகும் ஏன் கழன்று விழவில்லை?

அவரும் அவருடைய கூட்டாளியும் இன்னும் சிலரும் வரலாற்றில் பதிவானவர்கள் என்பதால் அவர்கள் பெயரைச் சொல்கிறேன். மற்றவர்களை அவரவர் வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன். நடந்ததைப் புரிந்துகொள்ள அவர்களுடைய பெயர் தேவைப்படவில்லை.

பின்னணி

எக்பர்ட் ஆஸ்டின் வில்லியம்ஸ் 1874 நவம்பர் 12 அன்று பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரத்தில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்கு வந்து, கடைசியில் கலிஃபோர்னியாவில் ரிவர்சைட் என்ற ஊரில் தங்கியது. பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்தார். வாட்டசாட்டமான உடம்பு, வெளிர் நிறம், கனத்த குரல். நிறையப் படிப்பார், தணிந்து பேசுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் கறுப்பினப் பாத்திரங்கள் பேசிய கொச்சை, தெற்கு மாநிலங்களின் பேச்சு என்று சொல்லப்பட்ட ஒரு செயற்கை வழக்கு. தீவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த வில்லியம்ஸுக்கு அது தாய்ப் பேச்சு கிடையாது. இத்தாலிக்காரர்களின் பேச்சு எனக்கு எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம் இதுவும் என்று அவரே பிறகு எழுதினார். உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் படித்தார். நிறமும் அவருடையது இல்லை, பேச்சும் அவருடையது இல்லை. இரண்டையும் உழைத்துச் சம்பாதித்தார்.

1893–1894: கூட்டாளியும் கண்காட்சியும்

1893இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார். கான்சஸ் மாநிலத்திலிருந்து ஊர் ஊராக ஆடிப் பாடிக்கொண்டே மேற்கே வந்து சேர்ந்த இளைஞர் வாக்கர். இருவரும் ஒரு சின்ன மின்ஸ்ட்ரல் குழுவில், அதாவது கறுப்பினத்தவரைக் கேலியாக ஆடிப் பாடிக் காட்டும் குழுவில், சேர்ந்தார்கள். அப்புறம் பிரிந்து ஜோடியாகவே நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார்கள். முதலில் வாக்கர்தான் சிரிக்க வைப்பவர். வில்லியம்ஸ் பாடுவார், பாஞ்சோ வாசிப்பார், எதிர்ப்பேச்சு பேசுவார்.

1894இல் அதே ஊரின் கோல்டன் கேட் பூங்காவில் பெரிய பொருட்காட்சி நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி நாட்டு மக்களை வரவழைத்து ஒரு ‘கிராமம்’ அமைத்துக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு. வர வேண்டியவர்கள் குறித்த நாளில் வந்து சேரவில்லை. காட்சியை நிறுத்த மனமில்லாத ஏற்பாட்டாளர்கள் உள்ளூர்க் கறுப்பினத்தவர்களைக் கூலிக்குப் பிடித்து ஆப்பிரிக்கர்களாக உட்கார வைத்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் இந்த இருவரும் உண்டு.

உண்மையான தஹோமிக்காரர்கள் வந்ததும் இவர்களுக்கு வேலை போயிற்று. ஆனால் உள்ளே போய்வர அனுமதி கிடைத்தது. அவர்களுடைய ஆட்டத்தையும் பாட்டையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆப்பிரிக்காவை மையமாக வைத்து நாடகம் போட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது என்று வாக்கர் 1906இல் எழுதியிருக்கிறார். கூலிக்கு வேடம் போட்ட இடத்திலிருந்தே இவர்களுக்கு விதை கிடைத்தது.

முதல் முடிவு: கரி

டிட்ராய்ட் நகரத்தின் ஒரு வாட்வில் (பாட்டு, ஆட்டம், நகைச்சுவை கலந்த பல்சுவை) அரங்கில், 1895–96 வாக்கில், வில்லியம்ஸ் முதன்முறையாகக் கரி பூசிக்கொண்டு பாடினார். விளையாட்டாகச் செய்து பார்த்ததுதான். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது, அதைப் பார்த்து அவரே அசந்துபோனார். இதை அவர் 1918இல் ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார். அந்த முகமூடிக்குப் பின்னால் போன பிறகுதான் தனக்குள் இருந்த நகைச்சுவைக்காரன் வெளியே வந்தான் என்பது அவர் சொல்கிற கணக்கு.

இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். கூச்ச சுபாவமுள்ள நடிகர்களுக்கு அரிதாரம் தருகிற தைரியம் நமக்குத் தெரிந்ததுதான். முகம் மறைந்தால் உடம்பு அவிழ்ந்துகொள்ளும். வில்லியம்ஸுக்கும் அது நடந்தது. ஆக, கரி அவர்மேல் திணிக்கப்பட்டது மட்டும் இல்லை, அவருக்கு அது கருவியாகவும் இருந்தது.

அன்றிலிருந்து ஜோடியின் பங்கு மாறியது. வாக்கர் பளபளவென்று உடுத்திய மைனர். வில்லியம்ஸ் அளவு சேராத கோட்டும் பெரிய சப்பாத்தும் போட்டுக்கொண்டு எங்கே போனாலும் அடி வாங்குகிற அப்பாவி. வாக்கர் கரி பூசவில்லை. கறுப்பினத்தவர் தன்னையே நடித்துக் காட்டுவதற்குத் தன்னையே கோமாளியாக்கிக்கொள்வதைவிட அபத்தம் வேறில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். ஆனாலும் ஜோடியின் விளம்பரத்தில் தங்கள் இனத்தைப் பழிக்கும் சொல்லையே போட்டு, ‘அசல் நாங்கள்தான்’ என்று அறிவித்துக்கொண்டார்கள். கரி பூசிய வெள்ளை நடிகர்கள் சந்தையை நிறைத்திருந்த காலம். அசல் சரக்கு இங்கே என்று கூவினால்தான் கூட்டம் திரும்பும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு பலித்தது. 1896இல் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள்.

1900–1908: சொந்தக் கம்பெனி

நியூயார்க்கில் புகழ் வந்த வேகத்திலேயே ஆபத்தும் வந்தது. 1900 ஆகஸ்டில் நகரத்தில் இனக்கலவரம் வெடித்தது. கும்பல் தெருக்களில் பிரபலமான கறுப்பின நடிகர்களைப் பெயர் சொல்லித் தேடியது. வாக்கரை டிராமிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். பகலில் தேடி அடிக்கிற அதே ஊர் இரவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும். இனிமேல் வருகிற முடிவுகளை எல்லாம் இந்தப் பயத்தை மறக்காமல் படிக்க வேண்டும்.

1903 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில், நியூயார்க் தியேட்டரில், ‘இன் தஹோமி’ அரங்கேறியது. கறுப்பினத்தவர்களே எழுதி, இசையமைத்து, நடித்த முழுநீள இசை நாடகம் பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றில் ஏறியது அதுவே முதல் முறை. இசை வில் மேரியன் குக், பாடல் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார், கதை ஜெஸ்ஸி ஷிப். அரங்கத்தில் கறுப்பின ரசிகர்களுக்கு மேல் அடுக்குகளில்தான் இடம். அன்று மேடையில் இருந்தவர்கள் டிக்கெட் வாங்கியிருந்தால் அவர்களும் மேல் அடுக்குக்குத்தான் ஏறியிருக்க வேண்டும்.

நியூயார்க்கில் 53 காட்சிகள். மே மாதம் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டர். ஜூன் 23 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில், பட்டத்துக்கு வரவிருந்த சிறுவனின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கு அரச குடும்பத்தின் முன்னால் ஆடினார்கள். பொருட்காட்சியில் போலி ஆப்பிரிக்கர்களாக உட்கார்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்புறம் 1906இல் ‘அபிசீனியா’, 1908இல் ‘பண்டானா லேண்ட்’. வில்லியம்ஸின் அடையாளமாகிப்போன ‘நோபடி’ பாட்டும் இந்தக் காலத்ததுதான். கஷ்டம் வரும்போது யார் வந்தார்கள், யாரும் இல்லை என்று இழுத்து இழுத்துச் சொல்கிற பாட்டு. கொலம்பியா இசைத்தட்டில் கேட்டால் பாதியைப் பாடவே மாட்டார், பேசுவார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் விடுகிற மௌனத்தில்தான் சிரிப்பு வரும். பிறகு அதே இடத்தில் தொண்டை அடைக்கும். வேறு பாட்டுப் பாட விடமாட்டேன் என்கிறார்களே என்று அவரே அலுத்துக்கொள்ளும் அளவுக்கு மக்கள் அதைக் கேட்டார்கள்.

இந்த எட்டு ஆண்டுகளின் உண்மையான சாதனை கம்பெனிதான் என்று நினைக்கிறேன். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், நடன அமைப்பாளர் என்று ஒரு பெருங்கூட்டத்துக்கு அது சோறு போட்டது. அதைக் கட்டிக் காத்தவர் வாக்கர். பேரம் பேசுவது, ஆள் எடுப்பது, அரங்க முதலாளிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர் தலையில். வில்லியம்ஸ் நடிப்பார். 1908இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ‘தி ஃபிராக்ஸ்’ என்ற கலைஞர் சங்கத்தையும் தொடங்கினார்கள். முதல் தலைவர் வாக்கர்.

1909–1910: கூட்டாளி விழுந்தபோது

1909 தொடக்கத்தில் வாக்கருக்கு நோய் முற்றி மேடையில் வசனம் குழற ஆரம்பித்தது. விலகினார். 1911 ஜனவரி 6 அன்று காலமானார். அவர் விலகிய பிறகு வில்லியம்ஸ் தனியாகப் போட்ட நாடகம் 40 காட்சிகளோடு நின்றது. நடிப்பில் குறை இல்லை, நிர்வாகத்துக்குத்தான் ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் தயாரிப்பாளர் ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் கூப்பிட்டார். அவருடைய ‘ஃபாலீஸ்’ அன்றைக்கு அமெரிக்காவின் மிக ஆடம்பரமான மேடை நிகழ்ச்சி. முழுக்க வெள்ளையர்கள். சில நடிகர்கள் வில்லியம்ஸ் வந்தால் நாங்கள் போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் கிடைக்கும், அவருக்குக் கிடையாது என்று தயாரிப்பாளர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். மிரட்டியவர்கள் இருந்துவிட்டார்கள்.

இரண்டு நிபந்தனைகள் பேசப்பட்டன. வெள்ளை நடிகை ஒருவரோடு வில்லியம்ஸ் மேடையில் தனியாக நிற்கக் கூடாது. தெற்கு மாநிலங்களுக்கு அவரை அழைத்துப் போகக் கூடாது. இரண்டையும் அவரே விரும்பிக் கேட்டார் என்பது கவனிக்க வேண்டியது. ஒரு கறுப்பின ஆண் ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான் என்ற வதந்தி போதும், மரத்தில் தொங்கவிட. அந்தக் காலத்தில் இப்படிக் கேட்டவரைக் கோழை என்று சொல்பவர்கள் 1900 ஆகஸ்ட்டைப் படிக்காதவர்கள்.

1910 ஜூனில் அரங்கேற்றம், நியூயார்க் தியேட்டரின் மொட்டைமாடி அரங்கில். ஏழு ஆண்டுகளுக்கு முன் கீழே அவருடைய சொந்தக் கம்பெனி ஆடிய அதே கட்டடம். கீழே ஆடியபோது மேடை நிறைய அவருடைய ஆட்கள். மேலே ஏறியபோது அவர் ஒருவர்.

முடிவு சரியா? குடும்பத்துக்கும் தொழிலுக்கும் சரி. கறுப்பினப் பத்திரிகைகளில் பெருமையும் வருத்தமும் கலந்தே வந்தன. வேறு காரணங்களும் சேர்ந்து, கறுப்பினக் கம்பெனிகளின் பெரிய இசை நாடகங்கள் பிராட்வேயிலிருந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு மறைந்தன. 1921இல் ‘ஷஃபிள் அலாங்’ வந்த பிறகுதான் மீண்டும் தலையெடுத்தன. ஒரு நட்சத்திரம் போய்ச் சேர்ந்த இடம் பெரியது, விட்டுப்போன பள்ளமும் பெரியது.

ஃபாலீஸில் பார்த்தவை

அங்கே அவர் செய்த இரண்டு காட்சிகளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

1911இல் லியான் எரல் என்ற வெள்ளை நடிகரோடு ஒரு காட்சி. கட்டிக்கொண்டிருக்கிற ரயில் நிலையத்தின் இரும்புச் சட்டங்களின் மேல் பயணி ஒருவரை ஒரு போர்ட்டர் அழைத்துப் போக வேண்டும். விழுந்துவிடாமல் இருக்க இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. பயணி தவறுவார், போர்ட்டர் இழுத்து மேலே ஏற்றுவார். கடைசியில் தனக்குக் கிடைக்கப்போகிற இனாம் ஐந்து சென்ட்தான் என்று தெரிந்ததும் போர்ட்டர் கயிற்றை விட்டுவிடுவார். வெள்ளைப் பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயிறு யார் கையில் இருந்தது என்பதை மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

இன்னொன்று சீட்டாட்டம். மேடையில் அவர் மட்டும், முகத்தையும் கையையும் மட்டும் காட்டுகிற வெளிச்சம். கையில் சீட்டு கிடையாது. இல்லாத சீட்டைக் கலைத்து, இல்லாத நாலு பேருக்குப் போடுவார். தன் சீட்டை ஓரம் மட்டும் விலக்கிப் பார்ப்பார். கண் கொஞ்சம் விரியும், உடனே அடக்கிக்கொள்வார். பந்தயத்தை ஏற்றுவார். எதிராளி காட்டிய சீட்டைப் பார்த்ததும் அந்த முகம் இறங்குகிற இறக்கம் இருக்கிறதே, அதற்காகவே காசு கொடுத்து வந்தார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார். வசனமும் கொச்சையும் இல்லாமல், கரியை மீறி, அவர் முழுதாக அவராக இருந்த சில நிமிடங்கள் அவை.

ஆனால் 1910 முதல் அந்த மேடையில் இருந்த ஆண்டுகள் முழுக்க அவர் கரியோடுதான் ஏறினார். நாடே அறிந்த முகம் என்பார்கள். கரியில்லாமல் தெருவில் நடந்தால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. கூட நடித்த எடி கேண்டர் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். தங்கும் விடுதியில் இடம் உண்டு, ஆனால் வில்லியம்ஸ் பின்பக்கத்து சாமான் லிஃப்டில்தான் ஏற வேண்டும். கைத்தட்டல் இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போது இதில் ஏறுவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாராம்.

1913: டப்பாவுக்குள் போன படம்

1913இல் அவர் ஃபாலீஸில் இல்லை. அந்த ஆண்டு நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் ஒரு முழுநீளப் படத்துக்கான படப்பிடிப்பு நடந்தது. பயோகிராஃப் நிறுவனம் எடுத்தது, பணம் போட்டது நியூயார்க்கின் பெரிய நாடக முதலாளிகள். நாயகன் வில்லியம்ஸ். சுற்றிலும் ஹார்லெம் மேடைகளின் கறுப்பினக் கலைஞர்கள். இயக்குநர் நாற்காலியில் வெள்ளையர்கள் இருவர். கலைஞர்களை ஒருங்கிணைத்த மூன்றாமவர் கறுப்பினத்தவர்.

கதை எளிது. ஊரிலேயே அழகான பெண். அவளை மணக்க மூன்று பேர் போட்டி. ஊர்வலம், விருந்து, ராட்டினம், கேக்வாக் நடனம். வில்லியம்ஸ் ஒருவர்தான் கரி பூசியிருக்கிறார். மற்ற எல்லோரும் அவரவர் முகத்தோடு, நல்ல உடையோடு, ஒரு வாழ்கிற ஊராக இருக்கிறார்கள். கடைசியில் நாயகி ஓடெஸா வாரன் கிரே அவரை முத்தமிடுகிறார். இந்த முத்தம் சாதாரணம் இல்லை. கறுப்பினக் காதலர்கள் மேடையில் உண்மையாகக் காதலிப்பதை வெள்ளைப் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற எழுதாத தடை பல ஆண்டுகள் இருந்தது. நாடகங்களில் காதல் காட்சி வந்தால் அதைக் கேலியாக மாற்றிவிட வேண்டும். இங்கே கேலி இல்லை. இருவரும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள், முத்தமிட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எடிட்டிங் முடிவதற்குள் படம் கைவிடப்பட்டது. ரஷ், அதாவது வெட்டி ஒட்டாத படச்சுருள், டப்பாவுக்குள் போயிற்று. ஒன்றரை ஆண்டுக்குள், 1915 தொடக்கத்தில், கறுப்பினத்தவர்களைக் கொடியவர்களாகக் காட்டி, கரி பூசிய வெள்ளை நடிகர்களை வைத்து எடுத்த பிரம்மாண்டமான படம் ஒன்று நாடு முழுக்க ஓடியது. எடுத்த இயக்குநர் அதே பயோகிராஃப் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர். அமெரிக்க சினிமா அதைப் பார்த்து வளர்ந்தது.

வில்லியம்ஸ் 1916இல் அதே நிறுவனத்துக்கு இரண்டு குறும்படங்கள் செய்தார். ஒன்றின் முடிவில், சூதாடி மாட்டிக்கொண்டு சிறையில் உட்கார்ந்து அந்தச் சீட்டாட்டத்தை ஆடிக்காட்டுகிறார். மேடையில் நாம் பார்க்க முடியாத அந்தக் கலை எஞ்சியிருப்பது அதில்தான். அதோடு அவருடைய சினிமா வாழ்க்கை முடிந்தது.

1919: யாரும் சொல்லவில்லை

1919 ஆகஸ்டில் நியூயார்க் நடிகர்கள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஃபாலீஸும் நின்றது. வில்லியம்ஸ் வழக்கம்போல் வந்து, கரி பூசி, உடை மாற்றி, வெளியே வந்து பார்த்தால் அரங்கம் காலி. அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை, முதலாளி பக்கத்திலும் இல்லை. நான் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை என்று கூட நடித்த டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸிடம் வருந்தினார். ஃபீல்ட்ஸ்தான் பிறகு முயன்று அவரைச் சங்கத்தில் சேர்க்க வைத்தார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிகழ்ச்சிக்கு வந்தவர். அவரை வெறுத்ததால் அல்ல, நினைவே வராததால் விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த வாழ்க்கையில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

1922: முடிவு

1919க்குப் பிறகு ஃபாலீஸை விட்டு வந்தார். கடைசி நாடகத்திலும் வெள்ளையர் குழுவில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். நிமோனியா இருந்தும் நிறுத்தவில்லை. அவர் விலகினால் நாடகம் நிற்கும், கூட வேலை செய்கிறவர்களின் சம்பளமும் நிற்கும். 1922 பிப்ரவரி 27 அன்று மேடையிலேயே சரிந்தார். அதுவும் நடிப்பென்று நினைத்துப் பார்வையாளர்கள் சிரித்தார்கள். அந்த ஊர் டிட்ராய்ட், அவர் முதன்முதலில் கரி பூசிய ஊர். நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். மார்ச் 4 அன்று இறந்தார். வயது 47.

டப்பா திறந்தபோது

1930களின் கடைசியில் பயோகிராஃபின் பழைய நெகட்டிவ்கள் சுமார் 900ஐ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மீட்டுக் கொண்டுவந்தது. அழிக்கப்படவிருந்த சரக்கு. அதற்குள் 1913 ரஷ்ஷும் இருந்தது, ஏழு ரீல். தலைப்பு இல்லை, திரைக்கதை இல்லை, நடிகர் பட்டியல் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அருங்காட்சியகத்தார் அதன் மதிப்பை உணர்ந்து, முகம் முகமாகப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, காட்சிகளை வரிசைப்படுத்தினார்கள். 2014இல் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். ‘லைம் கில்ன் ஃபீல்ட் டே’ என்ற பெயரில் அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது சேர்ந்தது.

எடிட் செய்யாமல் கிடந்ததில் ஒரு நன்மை உண்டு. வெட்டி எறிந்திருக்க வேண்டியதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரே காட்சியின் இரண்டு மூன்று டேக். டேக் முடிந்ததும் கேமரா ஓடிக்கொண்டிருக்க, நடிகர்கள் தளர்ந்து நிற்பது, வெள்ளைத் தொழில்நுட்பக் கலைஞர்களும் கறுப்பின நடிகர்களும் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வது.

வேறுவிதமாக என்ன நடந்திருக்கலாம்

வில்லியம்ஸ் எடுத்த முடிவுகளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. 1896இல் கரி இல்லாவிட்டால் மேடை இல்லை. 1910இல் அவர் கேட்ட இரண்டு நிபந்தனைகளும் உயிருக்கான காவல். ஆனால் கரி அப்படிப்பட்ட காவல் இல்லையே. அவருக்கு மாற்று ஆள் இல்லை என்று தெரிந்த தயாரிப்பாளர், ஆண்டுக்கு ஒரு காட்சியாவது அவர் சொந்த முகத்தோடு நிற்கட்டும் என்று துணிந்திருக்கலாம். பேரத்தில் வில்லியம்ஸின் கை ஓங்கியிருந்த ஆண்டுகள் அவை. கரியில்லாத கனமான வேடம் செய்யும் ஆசையும் அவருக்கு இருந்தது. கேட்டு வாங்க வாக்கர் பக்கத்தில் இல்லை. பேரம் பேசுகிற வேலை முழுவதும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் அந்தக் கம்பெனியின் பலவீனம். வாக்கர் படுத்த அன்றே இன்னொருவரைப் பழக்கியிருந்தால் 1910க்குப் பிறகும் அந்தக் கூட்டம் கலையாமல் இருந்திருக்கக்கூடும்.

சங்கம் செய்திருக்க வேண்டியது இன்னும் எளிது. ஒரு ஆளை அனுப்பி ஒப்பனை அறைக் கதவைத் தட்டியிருக்கலாம்.

படத்தைப் பொறுத்தவரை, வெளியிடாமல் போனது முதலாளிகளின் முடிவு. ஆனால் கைவிட்ட படத்துக்கும் டப்பாமேல் ஒரு காகிதம் ஒட்டலாம். இன்றைய ஆவணக் காப்பகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரி வழக்கம்: படம் வந்தாலும் வராவிட்டாலும் ரீலோடு பெயர்ப் பட்டியலும் போக வேண்டும். 1913இல் அந்த ஏழு ரீலில் ஒன்றிலாவது அப்படி ஒட்டியிருந்தால், ராட்டினத்தில் பெர்ட்டைச் சுற்றி உட்கார்ந்து கை அசைத்துச் சிரிக்கிற அத்தனை பேரையும் இன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.